மூன்றாம் நாள், நான்காவது இறக்கம்: குல்மார்க்கில் கிழிந்த ஒரு முட்டி ஜவ்வு

தண்டையார்பேட்டையில் நான் நடத்தும் பிசியோதெரபி கிளினிக்குக்கு முட்டி ஜவ்வு கிழிந்து வருபவர்கள் பெரும்பாலும் வியாசர்பாடிப் பக்கம் கால்பந்து ஆடும் பையன்கள். அடுத்தபடியாகக் கபடிக்காரர்கள். 2024 பிப்ரவரியில் இரண்டு ஊன்றுகோலோடு ஆட்டோவிலிருந்து இறங்கிய 34 வயதுப் பெண், "பனிச்சறுக்குல விழுந்துட்டேன் அக்கா" என்று சொன்னபோது நான் ஒரு நிமிடம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினேழு வருடமாக முட்டி பார்க்கிறேன். பனியில் விழுந்த முட்டி அதுதான் முதல் தடவை.

அவர் சம்மதத்துடன் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார், சரி. எழுதச் சொன்னதும் அவர்தான். சென்னையிலிருந்து காஷ்மீரின் குல்மார்க்குக்குச் சறுக்கப் போகிறவர்கள் இப்போது கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். சமவெளியில் இருந்துகொண்டு மலைக்குத் தயாராகும் எல்லோரும் செய்யக்கூடிய ஒரு தவறைத்தான் அவரும் செய்திருந்தார்.

ஆள்

பிறந்து வளர்ந்தது பழைய வண்ணாரப்பேட்டை. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். தாய்மாமாவுக்குக் காசிமேட்டில் ஃபைபர் படகு. மென்பொருள் வேலையாக ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக் நகரில் ஆறு குளிர்காலம் இருந்திருக்கிறார். அந்த ஊருக்கு மேலேயே மலை. வேலை முடிந்த கையோடு ஸ்கையை, அதாவது சறுக்குப் பலகையை, தூக்கிக்கொண்டு கேபிள் காரில் ஏறிவிடலாம். நோர்ட்கெட்டே மலையில் ஹாஃபெலேகார் சரிவு என்று ஒன்று இருக்கிறது. அதன் செங்குத்தான பகுதி 70 சதவீதம், அதாவது ஏறக்குறைய 35 டிகிரி. 100 மீட்டர் முன்னால் போவதற்குள் 70 மீட்டர் கீழே போயிருப்போம். அதில் இறங்கிப் பழகியவர். கற்றுக்குட்டி கிடையாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

2022இல் வேலையை இங்கே மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். அதற்கப்புறம் பனியைப் பார்க்கவில்லை. இரண்டு வருட ஏக்கம், 2024 பிப்ரவரி குல்மார்க்.

இடம்

குல்மார்க் ஊர் ஏறக்குறைய 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கோண்டோலா என்கிற கேபிள் கார் இரண்டு கட்டமாக ஏறும். 1998இல் திறந்த முதல் கட்டம் கொங்டூரிக்கு, சுமார் 3,080 மீட்டர். 2005இல் திறந்த இரண்டாம் கட்டம் அபர்வத் மலைத் தோளுக்கு, சுமார் 3,950 மீட்டர். நம்மூர் கடல் மட்டத்தில் இருக்கிற காற்றழுத்தத்தில் அங்கே கிட்டத்தட்ட 60 சதவீதம்தான் மிச்சம். உடம்பின் உச்சபட்ச உழைப்புத் திறன் 1,500 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சுமார் ஒரு சதவீதம் குறையும் என்பது பொதுவான கணக்கு. அந்தக் கணக்கில் உச்சியில் நிற்கும்போது கால் பங்கு பலத்தைக் கீழேயே விட்டுவிட்டு வந்திருப்போம்.

ஆல்ப்ஸ் விடுதிகளில் தடங்களை இரவோடு இரவாக இயந்திரம் வைத்துச் சமன் செய்துவிடுவார்கள். அபர்வத்தில் பெரும்பகுதி விழுந்த பனி விழுந்தபடியே. காலையில் முழங்கால் வரை பவுடர் பனி, மதியம் அதே இடம் மற்றவர்கள் கிழித்துப் போட்ட மேடு பள்ளம், நடுநடுவே காற்று அடித்து இறுக்கிய ஓடு. கோண்டோலாவை ஒட்டிய சரிவை மீட்புக் குழுவினர் கண்காணிக்கிறார்கள். அதைத் தாண்டினால் பனிச்சரிவு அபாயம் நம் பொறுப்பு. 2023 பிப்ரவரியில் இரண்டு போலந்துக்காரர்கள் அபர்வத் பக்கம் பனிச்சரிவில் இறந்தார்கள். இவர் விழுந்த அதே 2024 பிப்ரவரியின் 22ஆம் தேதி கிலன்மார்க்கில் ஒரு ரஷ்யர். என்னிடம் வந்தவர் வழிகாட்டியோடுதான் போனார். பனியில் புதைந்தால் தேடிக் கண்டுபிடிக்க, 457 கிலோஹெர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பும் கருவி உடம்பில், துழாவுகோலும் மண்வாரியும் முதுகுப்பையில். அந்த விஷயத்தில் அவரிடம் குறையே சொல்ல முடியாது. அவ்வளவு எச்சரிக்கையான ஆள் தொடையைக் கணக்கில் எடுக்காமல் விட்டதுதான் எனக்கு ஆற்றாமை.

அந்த வருடம் ஜனவரி முழுக்கக் குல்மார்க்கில் பனியே இல்லை. புல் தெரிகிற படங்கள் செய்தியில் வந்தன. மாதக் கடைசியில்தான் கொட்டத் தொடங்கியது. டிக்கெட்டை ரத்து செய்யலாமா என்று தவித்துக்கொண்டிருந்தவர் செய்தியைப் பார்த்ததும் பெட்டியைக் கட்டிவிட்டார்.

நடந்தது

ஞாயிறு காலை மீனம்பாக்கம். டெல்லி வழியாக ஸ்ரீநகர், அங்கிருந்து டாக்சி. இரவு குல்மார்க்கில் தூக்கம், லேசான தலைவலி. திங்கள் காலையிலேயே இரண்டாம் கட்டத்தின் உச்சிக்குப் போய்விட்டார். உச்சியிலிருந்து கொங்டூரி வரை அன்று மூன்று தடவை இறங்கினார். செவ்வாய் நான்கு. புதன்கிழமை எழுந்தபோது தொடை இரண்டும் கல் மாதிரி. கழிப்பறையில் உட்கார்ந்து எழவே கைப்பிடி தேவைப்பட்டதாம். அப்படியும் போனார். மூன்று முறை நன்றாகவே இறங்கிவிட்டு, மணி மூன்றாகும்போது நான்காவது முறை.

மேகம் மூடிவிட்டது. அந்த வெளிச்சத்தில் நிழலே விழாது. மேடு எது, பள்ளம் எது என்று கண்ணுக்குத் தெரியாது, கால்தான் கண்டுபிடிக்க வேண்டும். வலப்பக்கம் திரும்பி முடிக்கிற நேரத்தில் ஸ்கை ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவர் பின்னால் சாய்ந்தார். இடுப்பு முட்டிக்குக் கீழே போய்விட்டது. விழாமல் எழுந்துவிடப் பார்த்தார். அந்த நொடியில் இடது முட்டிக்குள் 'டப்' என்று கேட்டது. பூட்ஸை ஸ்கையோடு பிணைக்கும் பைண்டிங் கழலவில்லை, ஸ்கை காலிலேயே இருந்தது. வலி கூட உடனே பெரிதாக இல்லையாம். எழுந்து நின்று ஒரு அடி வைத்ததும் முட்டி தன்னிஷ்டத்துக்கு நழுவியிருக்கிறது.

மீட்புக் குழுவினர் சறுக்குப் படுக்கையில் வைத்துக் கீழே இறக்கினார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் முட்டி தேங்காய் அளவு. இவ்வளவு சீக்கிரம் வீங்கினால் உள்ளே கட்டியிருப்பது பெரும்பாலும் ரத்தம். 'டப்' சத்தமும் இந்த வீக்கமும் சேர்ந்து வந்தால், வேறு எதையும் பார்க்கும் முன்பே முன் சிலுவை ஜவ்வைத்தான் சந்தேகிக்க வேண்டும். தொடை எலும்பையும் கெண்டைக்கால் எலும்பையும் முட்டிக்குள் பிணைக்கும் அதைத்தான் எல்லோரும் ஏசிஎல் என்கிறார்கள்.

என் மேஜையில்

எட்டாவது நாள் வந்தார். வீக்கம் பாதி வடிந்திருந்தது. முட்டியை லேசாக மடக்கி வைத்து, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கெண்டைக்கால் எலும்பை முன்னே இழுத்துப் பார்த்தேன். லாக்மன் சோதனை. நல்ல முட்டியில் கயிறு கடைசியில் விறைத்து நிற்பதுபோல 'டக்'கென்று ஒரு நிறுத்தம் கையில் தெரியும். வலது காலில் அது இருந்தது. இடதில் எலும்பு வந்துகொண்டே இருந்தது, சேற்றில் நட்ட கம்பை இழுக்கிற மாதிரி. அவர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

எம்ஆர்ஐ அதையே சொன்னது. முன் சிலுவை ஜவ்வு முழுக்க அறுந்திருந்தது. குருத்தெலும்புத் தட்டுகள் இரண்டும் நல்லபடியாக இருந்தது பெரிய அதிர்ஷ்டம்.

அறுவை வேண்டுமா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. 2010இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்றில் 121 இளவயதினரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். முதலில் உடற்பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு அறுவை என்று இருந்த பிரிவில் பாதிக்கு மேற்பட்டோர் இரண்டு வருடம் கழித்தும் அறுவை இல்லாமலே சமாளித்தார்கள். மேஜை வேலை, நடை, நீச்சல் போதும் என்பவரிடம் இதைச் சொல்லி நிதானிக்கச் சொல்வேன். இவர் திரும்பவும் 3,950 மீட்டரிலிருந்து சமன் செய்யாத சரிவில் இறங்குவேன் என்கிறார். அறுவை நிபுணரும் நானும் அவரும் பேசி, அறுவைதான் என்று முடிவானது. ஆறு வாரம் காத்திருந்து, வீக்கம் முழுக்க வடிந்து, முட்டி நேராக நீளத் தொடங்கிய பிறகு, மார்ச் கடைசியில் பின்தொடைத் தசைநாரை எடுத்து வைத்துத் தைத்தார்கள். அந்த ஆறு வாரமும் அம்மா கேட்ட கேள்வி ஒன்றுதான்: "சறுக்கி வெளையாட இன்னாத்துக்குமா அவ்ளோ தூரம் போவணும்?"

பைண்டிங் ஏன் கழலவில்லை

இதை அவர் என்னிடம் பத்துத் தடவையாவது கேட்டிருப்பார். வாடகைக்கு எடுத்த இடத்தில் தப்பாகத் திருகி வைத்தார்களோ என்று சந்தேகம். அவர் எடை, உயரம், வயது, பூட்ஸ் அடி நீளம், சறுக்கும் விதம் எல்லாம் கேட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்கிற எண்ணும் சரியாகத்தான் இருந்தது.

பைண்டிங் உருவானது கெண்டைக்கால் எலும்பைக் காப்பாற்ற. முன்விரல் பக்கம் திருகினால் கழலும், குதிகால் மேலே தூக்கினால் கழலும். இவர் விழுந்த விதத்தில் விசை வந்தது பின்பக்கத்திலிருந்து. பூட்ஸுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்கையின் வால், உள்விளிம்பில் பனியைக் கவ்விக்கொண்டு காலை உள்நோக்கி முறுக்குகிறது. மனிதக் காலில் இல்லாத ஒரு பாதம் பின்பக்கமாக முளைத்த மாதிரி. அதனாலேயே இதற்கு 'மாயப் பாதம்' என்கிற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த முறுக்கு பைண்டிங்கின் கணக்கிலேயே வராது. முட்டி ஆழமாக மடங்கியிருக்கும்போது அது நேராக ஜவ்வின் மேல் போய் உட்காரும்.

அமெரிக்காவின் வெர்மான்ட்டைச் சேர்ந்த கார்ல் எட்லிங்கர், ராபர்ட் ஜான்சன் குழுவினர் இப்படி விழுந்தவர்களின் காணொளிகளைத் திரட்டிப் பார்த்து, சறுக்குத்தளப் பணியாளர்களுக்கு விழுவது எப்படி என்று பயிற்சி கொடுத்தார்கள். 1995இல் வெளியான அவர்கள் ஆய்வில், பயிற்சி பெற்றவர்களிடம் கடுமையான முட்டிக் காயங்கள் 62 சதவீதம் குறைந்தன. கைகளை முன்னே வை, கால்களைச் சேர்த்து வை, முட்டியை நீட்டாதே, சறுக்கி நிற்கும் வரை எழுந்திருக்க முயலாதே. சொல்ல எளிது. ஆனால் ஆறு வருடம் நன்றாகச் சறுக்கியவரின் உடம்புக்கு விழப்போகும்போது எழுந்துவிடுவதுதான் பழக்கம். தேர்ந்தவர்களையும் இந்தக் காயம் இப்படித்தான் பிடிக்கிறது.

கையுறை

காரணம் அந்த ஒரு பள்ளம் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் தலைக்கவசத்தில் கேமரா இருந்தது. மூன்று நாள் காணொளியையும் வாங்கி, கிளினிக் மூடிய பிறகு உட்கார்ந்து பார்த்தேன். நான் பனியைத் தொட்டதில்லை. ஆனால் உடம்பைப் பார்க்கத் தெரியும்.

திங்கட்கிழமை காணொளியில் படத்தின் கீழ் ஓரத்தில் இரண்டு சிவப்புக் கையுறைகளும் எப்போதும் தெரிகின்றன. கை முன்னால் இருக்கிறது, அப்படியென்றால் உடம்பும் முன்னால் இருக்கிறது. செவ்வாய் மதியம் திருப்பங்களின் முடிவில் வலது கையுறை அவ்வப்போது காணாமல் போய்த் திரும்பி வருகிறது. புதன் மூன்றாவது இறக்கத்திலேயே பாதி நேரம் இரண்டும் இல்லை. நான்காவது இறக்கத்தில், விழுவதற்கு முந்தைய ஏழு திருப்பங்களில் நான் ஒரு கையுறையைக் கூடப் பார்க்கவில்லை. பள்ளம் வருவதற்கு முன்பே அவர் பின்னால் உட்கார்ந்துவிட்டார்.

ஏன் என்று தேடியபோதுதான் அந்த விஷயம் வெளியே வந்தது. குல்மார்க்குக்கு மூன்று மாதம் முன்பிருந்தே தினமும் தயாரானாராம். வீடு ஒன்பது மாடி அடுக்ககம். காலையில் ஒன்பது மாடியும் ஐந்து தடவை ஏறுவார்.

"இறங்கறது?"

"லிஃப்ட்ல அக்கா. படி இறங்கினா முட்டி தேஞ்சிடும்னு அம்மா சொல்வாங்க."

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். இந்தப் பேச்சு வடசென்னை முழுக்க இருக்கிறது, சில மருத்துவர்களே சொல்கிறார்கள். ஆனால் சறுக்குவது முழுக்க முழுக்க இறங்குகிற வேலை. மாடியிலிருந்து கயிற்றில் கூடையைக் காய்கறிக்காரருக்கு மெல்ல இறக்கும்போது கைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறதே, ஒவ்வொரு திருப்பத்திலும் தொடையின் முன்பக்கத் தசை செய்வது அதைத்தான். படி ஏறும்போது அதே தசை சுருங்கி வேலை செய்யும். மூச்சுக்கு நல்லது, இதயத்துக்கு நல்லது. தாங்கும் வேலைக்கு அது பயிற்சி ஆகாது.

ஒரு மாலை நானே போய் அவர் வீட்டுப் படியை அளந்தேன். ஒரு படி 17 சென்டிமீட்டர், மாடிக்கு 18 படி, மொத்தம் இருபத்தேழரை மீட்டர். திங்கட்கிழமை மட்டும் அவர் இறங்கிய உயரம் 2,600 மீட்டர். அந்தக் கட்டடத்தில் ஏறக்குறைய 95 தடவை இறங்குவதற்குச் சமம். அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் இறங்கியது பூஜ்யம்.

பழக்கமில்லாத தசை இந்தத் தாங்கும் வேலையைச் செய்தால் அன்றைக்குத் தெரியாது. அடுத்த ஒன்றிரண்டு நாளில் வலியும் விறைப்பும் உச்சத்துக்குப் போகும், பலமும் குறைந்தே இருக்கும். திங்கள் உழைப்பின் கணக்கு புதன்கிழமை வந்தது. தொடை தாங்காதபோது உடம்பு தானாகவே எலும்பின் மேல் சாய்ந்து இளைப்பாறப் பார்க்கும். சறுக்கும்போது அப்படிச் சாய இருக்கிற ஒரே இடம் பின்பக்கம். உயரம் அந்தச் சோர்வைச் சீக்கிரம் கொண்டுவந்தது, மங்கிய வெளிச்சம் பள்ளத்தை மறைத்தது. இரண்டுக்கும் பங்கு உண்டு. ஆனால் என் கணிப்பில் முதல் காரணம் லிஃப்ட்.

வருத்தம் என்னவென்றால், தடுப்பது மிகச் சுலபம். ஒரே ஒரு தடவை தசைக்கு இந்த வேலையைக் கொடுத்துவிட்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலை அவ்வளவு பாதிப்பதில்லை. போவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து, வாரம் இரண்டு நாள் படி இறங்கியிருந்தாலே புதன்கிழமை வேறு மாதிரி இருந்திருக்கும்.

திரும்ப

முதல் நான்கு மாதத்தை விரிவாக எழுதவில்லை. எந்த ஏசிஎல் அறுவைக்கும் உள்ளதுதான்: முட்டியை முழுக்க நீட்டுவது, தொடைத் தசையை எழுப்புவது, சைக்கிள், நடை. ஆகஸ்டில் இறங்கத் தொடங்கினோம். முதலில் ஒரே ஒரு படி. நான்கு எண்ணுவதற்குள் குதிகால் கீழே தொட வேண்டும், சீக்கிரம் தொட்டால் கணக்கில் வராது. அழுதிருக்கிறார். அப்புறம் ஒரு மாடி, மூன்று மாடி. ஏறுவதற்கு லிஃப்ட், இறங்குவதற்குப் படி என்று தலைகீழாக்கினோம். இன்ஸ்ப்ருக்கிலிருந்து கொண்டுவந்த ஸ்கை பூட்ஸைப் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் அரை உட்காரலில் இரண்டு நிமிடம் நிற்பார், அந்தப் புழுக்கத்தில். பூட்ஸ் கணுக்காலைப் பூட்டிவிடுவதால், இடுப்பு கொஞ்சம் பின்னால் போனாலும் உடனே தள்ளாடும்.

முன்னால் நிற்பது என்றால் என்னவென்று நான் சொல்லிப் புரியாததைக் காசிமேட்டு மாமா ஒரே நாளில் புரியவைத்தார். படகில் நிற்கவைத்து, "முட்டி மடங்கட்டும், இடுப்ப பின்னாடி வுடாத. வுட்டன்னா அலையே ஒன்ன கடல்ல போட்ரும்" என்றாராம். முப்பது வருடம் அலைமேல் நின்றவர். அதற்கப்புறம் நான் 'மாமா மாதிரி நில்லு' என்று மட்டும்தான் சொல்வேன்.

டிசம்பர் கடைசியில், அறுவைக்கு ஒன்பதாவது மாதம், ஒற்றைக்கால் தாவல் வைத்துப் பார்த்தோம். இடது கால் வலதில் 84 சதவீதம்தான் தாவியது. எங்கள் இலக்கு 90. அவர் பிப்ரவரி டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். நான் கூடாது என்றேன். 2016இல் வந்த நார்வே ஆய்வு ஒன்றில், தேறாமல் விளையாடப் போனவர்களில் 38 சதவீதம் பேர் முட்டியில் மறுபடி காயப்பட்டார்கள். தேறிப் போனவர்களில் 6 சதவீதத்துக்கும் குறைவு. அதை எடுத்துக் காட்டினேன். இரண்டு வாரம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அந்தச் சண்டையைக் கடைசியில் வானமே தீர்த்தது. 2025 பிப்ரவரியில் குல்மார்க்கில் பனி போதாமல் கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளே மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. இவர் பயணமும் மார்ச்சுக்குப் போனது. கிளம்பும் முன் தாவல் 93.

இந்த முறை ஸ்ரீநகரில் ஒரு இரவு. குல்மார்க்கில் முதல் இரண்டு நாள் முதல் கட்டத்தோடு சரி. மூன்றாம் நாள் உச்சியிலிருந்து இரண்டே இறக்கம். மதியம் ஒரு மணிக்கு மேல் ஸ்கை காலில் இருக்கக் கூடாது. கையுறை படத்தை விட்டுப் போனால் அந்த இறக்கம்தான் அன்றைக்குக் கடைசி. ஒவ்வொரு இரவும் காணொளி எனக்கு வரும், நான் கையுறையை மட்டும் பார்ப்பேன்.

நான்காம் நாள் காணொளியில் அவர் விழுகிறார். கொங்டூரிக்குக் கீழே மரங்களுக்கு நடுவே, அதே போல வலப்பக்கத் திருப்பம். படம் சாய்கிறது. ஆனால் இரண்டு கையுறைகளும் முன்னால்தான் இருக்கின்றன, ஸ்கை இரண்டும் ஒட்டியபடி. பவுடர் பனி முகத்தில் அடிக்க, பத்துப் பதினைந்து அடி சறுக்கிப் போய் ஒரு மரத்துக்கு முன்னால் நிற்கிறார். நின்ற பிறகும் எழுந்திருக்கவில்லை. பதினொரு விநாடி, எண்ணிப் பார்த்தேன், அப்படியே கிடந்து மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. அப்புறம் இடது கையுறை மெதுவாக முட்டியைத் தொட்டுப் பார்க்கிறது.